‘பாகீசா’ இந்திப் படத்தின் ஒளிப்பதிவாளர் பெயர் ஜெர்மன்காரர் பெயர் மாதிரி இருக்கிறதே, யார் அவர்?

ஜெர்மன்காரரேதான். ஜோசப் விர்ஷிங், 1903-ல் மியூனிக்கில் பிறந்தவர். அங்கே எமெல்கா என்ற படநிறுவனத்தில் வேலை பார்த்தார். புத்தரின் கதையைச் சொல்லும் மௌனப் படம் ஒன்றை 1925-ல் இந்தியாவில் எடுக்க, இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டனோடு வந்ததுதான் முதல் பயணம்.

தயாரிப்பாளர் ஹிமான்சு ராயும் நடிகை தேவிகா ராணியும் 1934-ல் பாம்பே டாக்கீஸ் படநிறுவனத்தைத் தொடங்கியபோது ஆஸ்டனையும் இவரையும் வரவழைத்தார்கள். தீண்டாமையைப் பேசிய ‘அச்சுத் கன்யா’ (1936) இவர் கேமராவில் பதிவானதுதான்.

1939-ல் போர் வெடித்தது. பிரிட்டிஷ் அரசுக்கு ஜெர்மன்காரர் என்றாலே எதிரி நாட்டவர். பிடித்து முகாமில் அடைத்தார்கள். போர் ஓய்ந்து வெளியே வந்தவர் ஊர் திரும்பாமல் பம்பாயிலேயே தங்கிவிட்டார்.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் ‘மஹால்’ (1949). இருண்ட மாளிகை, ஊஞ்சலில் ஆடும் மதுபாலா, பாதி முகத்தில் மட்டும் விழும் வெளிச்சம். பேயைக் காட்டாமலே பயமுறுத்துகிறார். ஜெர்மன் மௌனப் படங்களின் நிழல் விளையாட்டை அப்படியே பம்பாய்க்குக் கொண்டுவந்துவிட்டார் என்பேன். கதை கொஞ்சம் இழுக்கும், அது வேறு விஷயம்.

‘மஹால்’ இயக்குநர் கமால் அம்ரோஹியின் ‘பாகீசா’வோ கறுப்பு வெள்ளையில் தொடங்கி, வண்ணத்துக்கும் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரைக்கும் மாறி, வருடக்கணக்கில் நீண்டது. 1967-ல் விர்ஷிங் இறந்துவிட, மிச்சத்தை மற்ற ஒளிப்பதிவாளர்கள் முடித்தார்கள். படம் 1972-ல் வந்தது. டைட்டிலில் நீங்கள் பார்த்தது அவர் பெயர்தான்.