பழுதுள்ள பழைய வீட்டை விற்பது: கேள்வி பதில்

தாம்பரம்: அப்பா கட்டிய 40 வருஷ வீடு சார். மொட்டைமாடி ஒழுகுது, ஹால் சீலிங்கில் கம்பி தெரியுது. பெயின்ட் அடிச்சு வித்துடலாமா?

பெயின்டுக்குக் காசு போடாதீர்கள். ஈரச் சுவரில் பட்டி பார்த்து அடித்தால் அடுத்த மழைக்கே உப்பு பூத்துக் கொப்பளித்துவிடும். வாங்க வருபவர் மேஸ்திரியோடுதான் வருவார். பழைய வீட்டில் ஒரு சுவர் மட்டும் பளபளத்தால் அதைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார்.

கம்பி தெரியும் இடத்தில் சும்மா சிமென்ட் பூசுவது இன்னும் மோசம். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் பூச்சைத் தள்ளிவிடும். முதலில் மேலே ஒழுகலை நிறுத்த வேண்டும். பிறகு உதிரும் கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். ஒன்றிரண்டு இடம் என்றால் செய்யலாம். தளம் முழுக்க இதே கதி என்றால் கை வைக்காமல் மனை விலைக்கு விற்பதே லாபம்.

சில்லறை வேலைகளை மட்டும் விடாதீர்கள்: மாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் அடைப்பு, சொட்டும் பைப், உடைந்த செப்டிக் டேங்க் மூடி, எரியாத விளக்கு.

மதுரை: விலையை எப்படி நிர்ணயிப்பது?

மனை வேறு, கட்டடம் வேறு. மனைக்கு உங்கள் தெருவில் அண்மையில் உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு பத்திரச் செலவுக்குத்தான். கட்டடத்துக்கு, மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் 60 வருட ஆயுள், கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று வைத்து வருடத்துக்கு 1.5 சதவீதம் கழிப்பார்கள். 1000 சதுர அடியை இன்று கட்ட 20 லட்சம் என்று வைத்தால், 40 வருட வீட்டுக்கு 60 சதவீதம் போய் 8 லட்சம் நிற்கும். அதில் பழுதுச் செலவைக் கழியுங்கள். வாங்குபவர் 3 லட்ச ரூபாய் பழுது வேலையை 8 லட்சம் என்பார். ஒரு சிவில் இன்ஜினியரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி வைத்திருந்தால் பேரம் அந்தக் காகிதத்தைச் சுற்றியே நடக்கும்.

கோவை: ரெண்டு பேர் வந்தாங்க, பேங்க் லோன் கிடைக்கலைன்னு போயிட்டாங்க.

அநேகமாக ஒழுகல் காரணமாக இருக்காது, காகிதம்தான். அப்ரூவ்டு பிளான், மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, இன்றைய உரிமையாளர் பெயரில் பட்டா, இவை கையில் இருக்கிறதா? இறந்தவர் பெயரிலேயே பட்டா இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றிவிட்டு விளம்பரம் கொடுங்கள். பிளானில் இல்லாத மாடி அறை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வங்கி இன்ஜினியர் எப்படியும் எழுதிவிடுவார்.

திருச்சி: அஸ்திவாரத்தில் ஓதம், அதாவது ஈரம், ஏறுது. கேட்டால் மட்டும் சொன்னா போதாதா?

போதாது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. ஓதத்தை அலமாரி வைத்து மறைத்தால் அட்வான்ஸ் வாங்கிய பிறகு வக்கீல் நோட்டீஸ் வரும். ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சேலம்: விளம்பரத்தில் என்ன போடலாம்?

முதல் வரியிலேயே ‘பழுது பார்க்க வேண்டிய வீடு’ என்று போடுங்கள். வீண் அலைச்சல் குறையும். மனை அளவு, முகப்பு எத்தனை அடி, ரோடு அகலம், திசை, போர் தண்ணீர் நிலை கட்டாயம். இடித்துக் கட்டுபவர் ரோடு அகலத்தைப் பார்த்துத்தான் போனே செய்வார். போட்டோவில் பழுதையும் ஒன்று சேருங்கள்.

கும்பகோணம்: தேக்கு கதவு, ஊஞ்சலைத் தனியா வித்துடலாமா?

வீட்டைக் காட்டும் வரை கழற்றாதீர்கள். கதவு நிலை பிடுங்கிய சுவர் விலையை இறக்கிவிடும். இடிப்பதற்கே வாங்குகிறார் என்றால் மரம், கம்பி, செங்கல்லுக்கு இடிப்பு கான்ட்ராக்டர் பணம் கொடுப்பார். அது யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பத்திரப் பதிவுக்கு முந்தைய நாள் ஊஞ்சலுக்காகச் சண்டை வரும்.