'பீட் கண்டக்டா இன் இந்தியா' போல பீட் செய்யும்போது லூப் ஏன் நழுவுகிறது?

அமெரிக்க ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் மேட்லிப்பின் அந்த ஆல்பத்தைக் கேட்டு, 1970களின் இந்தித் திரைப்பாட்டு ரெக்கார்டிலிருந்து நான்கு பார் (ஒரு பார் என்பது இங்கே நான்கு அடி) வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக்கி, அதன்மேல் டிரம் வைத்திருக்கிறீர்கள். கடைசி பாரில் டிரம் ஒரு பக்கமும் தபேலா ஒரு பக்கமும் போகிறது என்கிறீர்கள். கோளாறு உங்கள் மென்பொருளில் இல்லை.

அந்தக் காலத்துப் பாடல்களில் பெரும்பாலானவை கிளிக் டிராக் (வேகம் மாறாமல் இருக்கக் காதில் ஒலிக்கும் 'டிக்-டிக்') இல்லாமல், ஆர்கெஸ்ட்ரா முழுதும் சேர்ந்து வாசித்துப் பதிவானவை. காலப்பிரமாணம் லேசாக ஓடும். முதல் பார் 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி), நான்காவது 92 என்று வையுங்கள். 90இல் ஒரு பார் 2.667 விநாடி, 92இல் 2.609. அந்த ஒரு பாரிலேயே 58 மில்லிசெகண்ட் வித்தியாசம். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தபேலாவும் இரண்டு அடியாகக் கேட்க அது தாராளம்.

அதனால் ஒரு பார், மிஞ்சினால் இரண்டு பார் மட்டும் எடுங்கள். முதல் அடி எழும்பும் இடத்துக்கு ஒட்டி முன்னால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியில் தொடங்கி, அடுத்த பாரின் முதல் அடிக்குச் சற்று முன்பே முடியுங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் ஓரங்களில் 3 முதல் 5 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது) போதும். பிறகு டிரம் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டுத் தாளம் போட்டுப் பாருங்கள். கை தடுமாறினால் லூப் தவறு, டிரம்மால் அதை மறைக்க முடியாது.

பலர் கவனிக்காதது நடை. தாத்ரா தாளம் ஆறு மாத்திரை, நம் கணக்கில் திஸ்ரம். அதன்மேல் நேரான 4/4 டிரம் வைத்தால் எத்தனை வெட்டினாலும் ஒட்டாது. ஹை-ஹாட்டையும் (டிரம் செட்டின் ஜோடித் தட்டு) திஸ்ரத்தில் போட வேண்டும். தொடக்கத்துக்கு எட்டு மாத்திரை கெஹர்வா தாளப் பாடல்களின் இடையிசையைத் தேடுங்கள்.

120 பிபிஎம் பாடலை 90க்கு இறக்க டைம் ஸ்ட்ரெட்ச் (சுருதி மாறாமல் நீட்டுவது) வேண்டாம், தபேலாவின் கூர்மை மழுங்கிவிடும். ரெக்கார்ட் ஓடும் வேகத்தையே குறையுங்கள். சுருதி ஐந்து அரைச்சுரம் இறங்கும், அந்தக் கனம்தான் இந்த இசைக்கு அழகு. சொந்த பேஸ் சேர்ப்பதானால் சாம்பிளில் (வெட்டி எடுத்த துண்டில்) 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், இல்லாவிட்டால் தபேலாவின் கும்கியும் (கனத்த அடி ஒலி) உங்கள் கிக்கும் மோதும். டிரம்மைக் குவான்டைஸ் செய்யாமல் (மென்பொருள் அடிகளைக் கட்டத்துக்குள் நேராக்கவிடாமல்) கையாலேயே தட்டுங்கள்.

மேட்லிப் விரும்பிப் பயன்படுத்திய எஸ்பி-303 சாம்ப்ளர் கருவியில் 'வைனில் சிம்' எஃபெக்ட்டின் கம்ப்ரஷன் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும். அது இல்லையென்றால் டிரம், சாம்பிள் இரண்டையும் ஒரே பஸ்ஸில் (பல ஒலிகள் சேரும் பொதுப் பாதை) அனுப்பி ஒரே கம்ப்ரஸர் போடுங்கள்.

2007இல் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பம் 'பீட் கண்டக்டா' தொடரின் 3-4ஆம் பாகம், 34 ட்ராக். இதற்கு முன் 2006இல் வந்த 1-2ஐயும், பின்னர் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவுக்கு அஞ்சலியாக வந்த 5-6ஐயும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ட்ராக்குகள் பெரும்பாலும் இரண்டு நிமிடச் சுற்றில் முடிவதைக் கவனியுங்கள். ஒரு பார் லூப் சலிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். உங்கள் பீட்டையும் மூன்று நிமிடத்துக்கு இழுக்காதீர்கள்.

வெளியிடுவதானால் ஒலிப்பதிவு, மெட்டு இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமைக்காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டு. 1970களின் ரெக்கார்ட் எதுவும் இன்னும் அதைத் தாண்டவில்லை.