கார்பன் பிடிப்புப் படிப்பு: மகளை அனுப்பலாமா?

வணக்கம் ஐயா. கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்த உங்கள் மகள் கார்பன் பிடிப்பில், அதாவது ஆலைப் புகையில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடாமல் பிரித்தெடுக்கும் துறையில், மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறார். வளரும் நாடுகளில் இதற்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் எந்த வேலை நிலைக்கும் என்பதைப் பணக்கணக்குதான் சொல்லும்.

ஆலையில் பிரித்தெடுத்த கார்பன் டை ஆக்சைடை வற்றிவரும் எண்ணெய் வயலுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். அது கலந்ததும் கச்சா எண்ணெய் உப்பி, இளகி, பாறை இடுக்கிலிருந்து நகர்ந்து வரும். டெக்சாஸில் 1972 முதலே பெரிய அளவில் இப்படிச் செலுத்தி வருகிறார்கள். வாயுவுக்கு எண்ணெய் நிறுவனம் விலை கொடுப்பதால் பிடிப்புச் செலவில் ஒரு பங்கு திரும்பி வருகிறது.

அந்தப் பங்கு போதுமா? இயற்கை எரிவாயுச் சுத்திகரிப்பில் இந்த வாயு எப்படியும் தனியாகப் பிரிந்துவிடும். டன்னுக்கு 15 முதல் 25 டாலரில் பிடித்துவிடலாம். சிமென்ட் ஆலை என்றால் 60 முதல் 120 டாலர். எண்ணெய் நிறுவனம் 30 டாலர் கொடுத்தால் மீதியை யார் கொடுப்பது? அமெரிக்காவில் இப்படிப் பிடிப்பவர்களுக்கு 45க்யூ என்ற வரிச்சலுகை இருக்கிறது. வளரும் நாடுகள் பலவற்றில் அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் வட்டி. 100 கோடி டாலர் கடனில் ஓர் ஆலை கட்டி, ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டுக் கடனுக்கு 6 சதவீத வட்டி என்றால், தவணை மட்டும் டன்னுக்குச் சுமார் 87 டாலர். 12 சதவீதம் என்றால் 134. இயந்திரம் அதேதான், இன்ஜினியரும் அதே ஆள்தான். கடன் வாங்கும் நாடு மாறியதற்கே 47 டாலர் கூடிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த இன்ஜினியர்கள்தான் இந்தத் துறைக்கு அவசரமாகத் தேவை.

அதனால்தான் வாயு மலிவாகக் கிடைக்கும் இடத்தில், அல்லது அரசு நிறுவனம் பின்னால் நிற்கும் இடத்தில் திட்டங்கள் எழுகின்றன. பிரேசிலில் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ், கடலடி வயல்களின் எரிவாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துத் திரும்ப உள்ளேயே செலுத்துகிறது. சீனாவில் அரசு எண்ணெய் நிறுவனமான சினோபெக், பிடித்த வாயுவை எண்ணெய் வயலுக்குள் செலுத்தும் சிலு–ஷெங்லி திட்டம் 2022இல் தொடங்கியது.

எண்ணெய் விலை சரிந்தால் இந்த வருமானமும் சரியும். 2017இல் இயங்கத் தொடங்கிய டெக்சாஸின் பெட்ரா நோவா என்ற கார்பன் பிடிப்பு ஆலை, விலை வீழ்ந்த 2020இல் நின்று, 2023இல்தான் மறுபடி ஓடியது. சலுகை உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

ஆகவே கார்பன் பிடிப்பு என்ற ஒரே பெயரில் வரும் குறுகிய பட்டம் வேண்டாம். கெமிக்கல் இன்ஜினியரிங்கிலேயே மேற்படிப்பு, கூடவே ரிசர்வாயர் (எண்ணெய், வாயு தங்கும் நிலத்தடிப் பாறை) பாடம் ஒன்று, ப்ராஜெக்ட் ஃபைனான்ஸ் (திட்டங்களுக்கான நிதிக்கணக்கு) ஒன்று எடுக்கட்டும். நிலத்தடி அழுத்தத்தைக் கணிக்கும் திறமை, எண்ணெயே எடுக்காமல் உப்புநீர்ப் பாறையில் வாயுவைச் சேமிக்கும் திட்டங்களுக்கும், புவிவெப்ப மின்சாரத்துக்கும் அப்படியே உதவும்.

சூழல் மீது அக்கறை உள்ள பெண் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இதையும் அவரிடம் சொல்லுங்கள்: வாயுவைச் செலுத்தி எண்ணெய் எடுக்கும் முறையில் பொதுவாக ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 0.3 முதல் 0.6 டன் வரை வாயு உள்ளே போகிறது. அந்தப் பீப்பாயை எரித்தால் சுமார் 0.4 டன் வெளியே வருகிறது. சூழலுக்கு லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று திட்டத்துக்குத் திட்டம் அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தை அனுப்பி வையுங்கள். உட்கார்ந்து பார்த்துவிடலாம்.