கோணல் வாய் ஜாடிக்கு எந்த மூடி? கேள்வி பதில்

ஜாடி, புட்டி, டப்பா மூடிகளையும் அவற்றுக்கான ரப்பர் வளையங்களையும் வடிவமைப்பது என் வேலை. வாய் சமமாக இல்லாத ஜாடியைக் காற்றுப் புகாமல் மூடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (விருத்தாசலம், பீங்கான் பட்டறை): அக்கா, நாங்கள் 5 லிட்டர் ஊறுகாய் ஜாடி செய்கிறோம். சூளையிலிருந்து இறக்கும்போது வாய் லேசாக நெளிந்திருக்கிறது. மூடி ஒரு பக்கம் உட்கார்ந்தால் இன்னொரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. தடிமனான ரப்பர் போட்டால் அடைத்துவிடாதா?

பதில்: அடைக்கலாம் தம்பி. ஆனால் எவ்வளவு தடிமன் என்பதை நெளிவுதான் சொல்ல வேண்டும். முதலில் அதை அளந்துவிடுங்கள். தடித்த, சமமான கண்ணாடித் துண்டின் மேல் ஜாடியைக் கவிழ்த்து வைத்து, இடைவெளி தெரியும் இடங்களில் ஃபீலர் கேஜ் தகடுகளை (கனம் பொறித்த மெல்லிய உலோகத் தகடுகள்) ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். நுழைவதிலேயே கனமான தகடு எதுவோ, அதுதான் அந்த ஜாடியின் நெளிவு. ஒரு ஜாடியோடு நிறுத்த வேண்டாம். ஒரு தடவை சூளையில் வேகும் ஜாடிகள் அத்தனையையும் அளந்து, இருப்பதிலேயே மோசமானதைக் கணக்குக்கு எடுங்கள்.

இனி கணக்கு. உள்ளே குழல் இல்லாத திட ரப்பர் வளையம், இடைவெளி அதிகமுள்ள பள்ளத்திலும் தன் தடிமனில் 10 சதவீதமாவது அமுங்க வேண்டும். மேட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் மூடுவதற்கு அதிக பலம் தேவைப்படும், ரப்பரும் சீக்கிரம் செத்துப்போகும். உங்கள் நெளிவு 0.6 மி.மீ., ரப்பர் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தில் 0.3 மி.மீ. அமுங்கினால் மேட்டில் 0.9 அமுங்கும். அது சரியாக 30 சதவீதம், தாங்கும். நெளிவு 1.5 மி.மீ. என்றால் அதே ரப்பர் மேட்டில் 1.8 மி.மீ., அதாவது 60 சதவீதம் அமுங்கியாக வேண்டும். கை பலத்தில் அது நடக்காது. 7.5 மி.மீ. ரப்பர் போட்டால் கணக்கு சரியாகும், ஆனால் அவ்வளவு உயரமான வளையம் அழுத்தும்போது பக்கவாட்டில் சாய்ந்து நழுவும்.

அந்த இடத்தில்தான் வளையத்தின் தடிமனை விட்டுவிட்டு வடிவத்தை மாற்ற வேண்டும். நடுவில் குழலாக இருக்கும் வளையம், அல்லது மெல்லிய உதடு போல மடங்கிக் கொடுக்கும் வளையம், லேசான அழுத்தத்திலேயே 2 மி.மீ. வரை இறங்கிக் கொடுக்கும். எந்த வளையமானாலும் மூடியில் அது உட்காரும் காடியை (வெட்டிய தடத்தை) நிரப்பி அடைக்காதீர்கள். அமுக்கினால் ரப்பரின் கன அளவு குறைவதில்லை, அது பக்கத்தில் பிதுங்கும். பிதுங்க இடமில்லையென்றால் எவ்வளவு மென்மையான ரப்பரும் கல் மாதிரி நிற்கும். காடியில் 10 முதல் 15 சதவீதம் இடம் காலியாக இருக்கட்டும்.

அதற்கு முன்னால் பட்டறையிலேயே நெளிவைக் குறைக்க முடியும். காயும்போது வாய்தான் முதலில் காய்ந்து சுருங்குகிறது. அதனால் வாயை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, உடம்போடு சேர்ந்து மெதுவாகக் காயவிடுங்கள். வாய் விளிம்பை மெல்லிசாக இழுக்காமல் கொஞ்சம் உருட்டித் தடிமனாக விடுங்கள். மூடியும் பீங்கான் என்றால், இரண்டும் தொடும் இடத்தில் கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) போடாமல், ஒட்டிக்கொள்ளாமலிருக்க அலுமினா கலந்த பூச்சைத் தடவி, ஜாடி மேலேயே வைத்துச் சுடலாம். அப்படிச் சுட்டால் ஜாடியும் மூடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே சுருங்கும். கடைசி வழி தேய்ப்பது. கண்ணாடித் துண்டில் கார்பரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டு, வாயைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தால் அரை மில்லிமீட்டர் மேடு இறங்கிவிடும். நல்ல ரப்பருக்குச் செலவழிப்பதைவிட இந்தத் தேய்ப்புக்கு ஆள் போடுவது லாபம் என்பது என் கருத்து.

கேள்வி: மூடி எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று கண்ணால் பார்க்க ஏதாவது வழி உண்டா மேடம்?

பதில்: ரப்பர் ஸ்டாம்ப் மையை விரலில் தொட்டு ஜாடி வாய் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். மூடியை வைத்து, வழக்கமாக மூடும் அளவுக்கே இறுக்கித் திறந்து பாருங்கள். வளையத்தில் மை பதிந்த தடம் இருக்கும். தடம் முழு வட்டமாக இருந்தால் நல்லது. எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. தடம் ஓரிடத்தில் அகலமாகவும் எதிர்ப்பக்கம் நூல் போலவும் இருந்தால் மூடி ஒருச்சாய்ந்து உட்காருகிறது, அது நெளிவுப் பிரச்சினை அல்ல. சோதனை முடிந்ததும் மையைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். சோதனை ஜாடியில் சாப்பாட்டுப் பொருள் போடாமல் இருப்பது இன்னும் நல்லது.

தாளை வைத்தும் பார்க்கலாம். மூடிக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும்.

கேள்வி (கோவை, மெக்கானிக்கல் மாணவர்): வளையத்துக்கு ஷோர் ஏ எண் எவ்வளவு வைக்க வேண்டும்? 70 என்று ஒரு கடையில் சொன்னார்கள்.

பதில்: ஷோர் ஏ என்பது ரப்பரின் கடினத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் கடினமும் கூடும். 70 என்பது குழாய், பம்பு மாதிரி அழுத்தம் அதிகமுள்ள இடத்துக்கு. கடைந்து சமமாக்கிய இரும்பு முகத்தில் அது நன்றாக வேலை செய்யும். கையால் மூடும் கோணல் வாய் ஜாடிக்கு 30 முதல் 40 வரை போதும்.

ஆனால் மென்மையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். மாதக்கணக்கில் அமுங்கியே கிடந்த வளையம், திறந்ததும் பழைய தடிமனுக்குத் திரும்புகிறதா என்பதுதான் முக்கியம். 4 மி.மீ. வளையத் துண்டை இரண்டு தகடுகளுக்கு நடுவே 3 மி.மீ. ஆகும்வரை அமுக்கி, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் 22 மணி நேரம் வைத்து எடுங்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 3.8 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அமுக்கிய 1 மி.மீ.யில் 0.2 திரும்பவில்லை, அதாவது 20 சதவீதம் செத்துவிட்டது. கோணல் வாய்க்கு இந்த எண் சின்னதாக இருக்க வேண்டும். பள்ளத்தில் 10 சதவீதமே அமுங்கிக்கொண்டிருக்கும் வளையத்துக்கு இழக்க அதிகம் இல்லை. விற்பவரிடம் ஷோர் எண்ணோடு இந்த எண்ணையும் (கம்ப்ரெஷன் செட்) கேளுங்கள்.

கேள்வி: பழைய காலத்தில் கண்ணாடி ஜாடியைக் கையால் ஊதித்தானே செய்தார்கள்? அந்த வாய் எப்படிச் சமமாக இருந்திருக்கும்? எப்படி மூடினார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சமமாக இருக்கவில்லை. ஊதுகுழலிலிருந்து பிரித்தெடுத்த வாய் கரடுமுரடாக இருக்கும், அதைத் தேய்த்துத்தான் ஒப்பேற்றினார்கள். அமெரிக்காவில் வாயைச் சுற்றி ஒரு பள்ளம் விட்டு, தகர மூடியை வைத்து, பள்ளத்தில் உருகிய அரக்கை ஊற்றி மூடும் ஜாடிகள் புழங்கின. அரக்கு எந்த நெளிவையும் நிரப்பிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் உடைத்துத் திறந்து, மறுபடி உருக்கி ஊற்ற வேண்டும்.

1858-இல் ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் மரை போட்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய துத்தநாக மூடி வாய் விளிம்பில் அடைக்கவில்லை. மரைக்குக் கீழே, ஜாடியின் தோளில் ரப்பர் வளையத்தைப் போட்டு, மூடியின் கீழ்விளிம்பு அதை அழுத்தும்படி செய்தார். காரணத்தைக் கவனியுங்கள். மரையும் தோளும் அச்சுக்குள் உருவானவை, அதனால் ஜாடிக்கு ஜாடி மாறாது. வாய் மட்டும்தான் அச்சுக்கு வெளியே அறுபட்டது. நம்ப முடியாத வாயை விட்டுவிட்டு, நம்பக்கூடிய தோளில் அடைத்தார். பிறகு வாயைச் சமமாகச் செய்ய முடிந்த காலத்தில்தான் விளிம்பின் மேலேயே அடைக்கும் மூடிகள் பரவின. ஜெர்மனியின் வெக் ஜாடியில் கண்ணாடி மூடி, தட்டையான ரப்பர் வளையம், மேலே கவ்வும் க்ளிப் அவ்வளவுதான். அதன் வளையத்தில் நாக்கு போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதை இழுத்தால் காற்று உள்ளே போய் மூடி விடுபடும்.

மூடி வரையத் தொடங்கும் முன் உங்கள் ஜாடியில் எந்த முகம் அதிகம் நம்பக்கூடியது என்று தேடுங்கள். சக்கரத்தில் செய்த ஜாடியில் பெரும்பாலும் அது கழுத்தின் உள்சுவர். அங்கே அடைத்தால் மேல் விளிம்பு எப்படி நெளிந்தாலும் கவலையில்லை.

கேள்வி: உள்சுவரில் அடைக்கும் மூடிதான் செய்திருக்கிறேன். மரத்தில் குமிழ், சுற்றி சிலிக்கோன் வளையம். அமுக்கி மூடினால் மெதுவாக மேலே எழுந்து வந்துவிடுகிறது. ஏன்?

பதில்: மூடி இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்து அமுக்குகிறீர்கள். அந்தக் காற்று திரும்பத் தள்ளுகிறது. மூடும்போது வளையத்தின் ஓரத்தில் ஒரு நூலை வைத்து, மூடி உட்கார்ந்ததும் நூலை உருவிவிடுங்கள். எழுந்து வருவது நின்றால் காரணம் இதுதான். விற்பனைக்கான மூடி என்றால் நடுவில் ஒரு சின்னத் துளையும் அதை அடைக்கும் சிலிக்கோன் குமிழும் வையுங்கள். ஒரே தடித்த வளையத்துக்குப் பதிலாக, ஏறத்தாழ 0.8 மி.மீ. கனத்தில் இரண்டு மூன்று மெல்லிய இதழ்கள் இருந்தால் கழுத்து கொஞ்சம் முட்டை வடிவமாக இருந்தாலும் வளைந்து கொடுக்கும். மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஈரம் பட்டால் மரம் நாருக்குக் குறுக்கே உப்பும், வட்டமாகக் கடைந்தது நீள்வட்டமாகிவிடும். வளையம் உட்காரும் காடியை மரத்திலேயே வெட்டாமல், ஒரு பிளாஸ்டிக் தட்டில் வெட்டி மரத்தில் பொருத்துங்கள்.

கேள்வி (மதுரை): மாங்காய் ஊறுகாயைப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினேன் அம்மா. கண்ணாடி பாட்டில், மூடியை முழு பலத்தோடு திருகினேன். பஸ்ஸில் போவதற்குள் பை முழுக்க எண்ணெய்.

பதில்: பலம் போதாததால் வந்தது அல்ல அது. பாட்டில் வாயில் நகத்தை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எதிரெதிரே இரண்டு இடங்களில் நகம் தட்டலாம். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு அது. தண்ணீரை நிறுத்திவிடும் அந்தச் சின்ன இடுக்கில் எண்ணெய் மெல்ல ஊர்ந்து வெளியேறும். வெயிலில் பாட்டில் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளவும் செய்யும். ரொம்ப இறுக்கினால் மூடிக்குள் இருக்கும் மெல்லிய வட்டு திருகிச் சுருக்கம் விழும், பிறகு இன்னும் கசியும். வாயில் ஒட்டிய எண்ணெயையும் மசாலாவையும் நன்றாகத் துடைத்து, மேலே இரண்டு விரல்கடை காலி விட்டு, புது வட்டு போட்டு, நிமிர்த்தியே எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டி ஜாடி வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, அதன் மேல் மூடி வைப்பார். அது காற்றை அடைக்குமா?

பதில்: அடைக்காது, அடைக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. அந்த ஊறுகாயைக் காப்பாற்றுவது உப்பும் புளிப்பும் மேலே நிற்கும் எண்ணெயும்தான். துணி தூசியையும் பூச்சியையும் தடுக்கிறது, ஆவி வியர்த்து உள்ளே சொட்டாமல் பார்த்துக்கொள்கிறது. நல்ல முறை, விடாதீர்கள். ஆனால் ரப்பர் வளையம் போட்ட மூடிக்கு அடியில் துணியை வைக்கக் கூடாது. நூலிழை வழியாக எண்ணெய் ஏறி வெளியே வந்துவிடும்.

கேள்வி: மூடியை இறுக்க எத்தனை க்ளிப் வைக்கலாம்? மூன்றா, நான்கா?

பதில்: அதை முடிவு செய்வது மூடியின் விறைப்பு. மூடி வளைகிறது என்றால் க்ளிப் இருக்கும் இடத்தில் இறங்கி, இரண்டு க்ளிப்புகளுக்கு நடுவில் தூக்கிக்கொள்ளும். நான்கு க்ளிப் டப்பாக்கள் நீண்ட பக்கத்தின் நடுவில் கசிவது அதனால்தான். விறைப்பான மூடிக்கு மூன்று போதும், மூன்றும் தானாகவே சுமையைப் பகிர்ந்துகொள்ளும். மெல்லிய பிளாஸ்டிக் மூடி என்றால் க்ளிப்பைக் கூட்டுவதற்கு முன் அடிப்பக்கம் விலா எலும்பு போலப் பட்டைகள் கொடுத்து விறைப்பாக்குங்கள்.

கேள்வி: ஊட்டிக்கு அனுப்பும் ஜாம் பாட்டில்களில் மூடி உப்பி வருகிறது. சென்னையில் அடைக்கிறோம், மூடி 80 மி.மீ.

பதில்: ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஆறிய ஜாமைச் சென்னையில் மூடினால், ஊட்டியில் அந்த மூடியை உள்ளிருந்து ஏறத்தாழ 12 கிலோ எடை தள்ளும். ஜாமைச் சூடாகவே ஊற்றி உடனே மூடுங்கள். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று மூடியை அழுத்தும். பாதி வெற்றிடம் வந்தாலே 80 மி.மீ. மூடி மேல் 25 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. ஆனால் முதலில் வளையம் சுற்றிலும் வாயைத் தொட்டிருந்தால்தான் வெற்றிடமே உண்டாகும். கோணல் வாயை வெற்றிடம் சரிசெய்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். சூடாக மூடிய பாட்டிலும் உப்பி வந்தால் அது உயரத்தின் வேலை அல்ல, உள்ளே ஜாம் புளித்திருக்கலாம். அதை விற்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காய்கறி புளிக்கவைக்கும் ஜாடிக்கு எந்த வளையம் நல்லது?

பதில்: வளையமே வேண்டாம். புளிக்கும்போது வாயு வெளியேற வேண்டும், இறுக அடைத்தால் ஜாடி வெடிக்கலாம். சீனாவின் பாவ்சாய் ஜாடியில் வாயைச் சுற்றி ஒரு தண்ணீர்க் கால்வாய் இருக்கும், கவிழ்த்த மூடியின் விளிம்பு தண்ணீரில் மூழ்கி நிற்கும். வாயு குமிழாக வெளியேறும், காற்று உள்ளே வராது. வாய் எவ்வளவு கோணலாக இருந்தாலும் தண்ணீர் மட்டம் சமம்தானே. நம் கோடையில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், தினமும் பார்த்து ஊற்றுங்கள்.

கேள்வி: எண்ணெய் ஊறுகாய்க்கு எந்த ரப்பர்?

பதில்: ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வேண்டாம், எண்ணெயில் ஊறி உப்பும். சாதாரண இயற்கை ரப்பரும் அப்படித்தான். உணவுக்கு ஏற்ற நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு நன்றாக நிற்கும். சிலிக்கோன் சமையல் எண்ணெயைத் தாங்கும், ஆனால் பூண்டு, பெருங்காய வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றும் அதன் வழியாக மெதுவாக ஊடுருவும். ஊறுகாய்க்கு அது பரவாயில்லை, மாதக்கணக்கில் வைக்கும் காபித் தூளுக்கு நான் சிலிக்கோனைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தாத்தா காலத்துப் பீங்கான் ஜாடியின் வாயில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. ஏதாவது பசை வைத்து அடைத்து ஊறுகாய் போடலாமா?

பதில்: பசை வேண்டாம். உப்பும் புளிப்பும் எண்ணெயும் படும் இடத்தில் அது எத்தனை நாள் நிற்கும், எதைக் கரைய விடும் என்று சொல்ல முடியாது. முதலில் ஜாடியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உடம்பில் விரிசல் இருக்க வாய்ப்பு குறைவு. மந்தமாகக் கேட்டால் ஊறுகாய் போடாதீர்கள். விரிசல் இல்லையென்றால், சில்லு பெயர்ந்த ஓரத்தைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்துக் கூர்மையை எடுத்துவிட்டு, கழுத்தின் உள்சுவரில் அடைக்கும் மூடியைப் போடுங்கள். சில்லு கழுத்துக்குள் இறங்கியிருந்தால் அந்த ஜாடியில் கல்லுப்போ புளியோ வைத்து, தட்டு போட்டு மூடிக்கொள்ளுங்கள்.