மூலப் படம் எங்கே?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. தைப்பூசத்திற்கு முதல் நாள் பினாங்கில் வெள்ளி இரதத்தின் முன் தேங்காய் உடைக்கும் காட்சியை வரைந்து ஒரு கண்காட்சியில் வைத்தாள். அது இன்னொருவரின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது என ஒருவர் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பரப்பிவிட்டார். எந்த ஓவியம் என்று மட்டும் சொல்லவில்லை. மூன்று வாரமாக மகள் தூரிகையைத் தொடவில்லை. போலீசில் புகார் செய்யச் சொல்கிறார் என் அண்ணன். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, மூலப் படத்தைக் காட்டாமல் திருட்டு என்று சொல்பவருக்கு உங்கள் மகள் விளக்கம் கொடுக்கக் கடமைப்பட்டவள் அல்லள். எந்த ஓவியம், யாருடையது, எந்தப் பகுதி ஒத்திருக்கிறது என்று அவரிடம் ஒரே ஒரு முறை, மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். அதே கடிதத்தின் நகலைக் கண்காட்சி ஏற்பாட்டாளர்களுக்கும் அனுப்புங்கள்.

சாலையில் குவிந்த தேங்காய்களும், ஓங்கிய கைகளும், ஈரத் தாரில் சிதறும் வெண்சில்லுகளும் ஆண்டுதோறும் எத்தனையோ பேர் படம்பிடிக்கும் காட்சி என்பதால், இரண்டு ஓவியங்கள் ஒன்றுபோல் தோன்றுவதில் வியப்பில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கருத்துக்குப் பாதுகாப்பு தருவதில்லை. அக்கருத்தை ஒருவர் வெளிப்படுத்திய விதத்திற்கே தருகிறது. ஆகவே கருப்பொருள் ஒன்று என்பது குற்றமாகாது. ஆனால் அதே மனிதர், அதே கைவளைவு, அதே கோணம், அதே நிழல் என்று கணிசமான பகுதி ஒத்துப்போனால் நிலைமை வேறு.

அதனால்தான், கடிதம் எழுதுவதற்கு முன் நீங்கள் அவளிடம் தனியாக உட்கார்ந்து, சந்தேகத்தோடு அல்லாமல், எதைப் பார்த்து வரைந்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது எடுத்த புகைப்படத்தை உதவிக்கு வைத்திருந்தால், அதை அவளே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பென்சில் வரைவுகள், கைபேசியில் நாளும் நேரமும் பதிவான படங்கள், பாதியில் நிறுத்திய முயற்சிகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்து வையுங்கள். கித்தானின் ஓரத்தில் வண்ணத்திற்கு அடியில் தெரியும் பென்சில் கோட்டையும், திருத்திய இடங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை தேடித்தேடி வரைந்ததை அவை சொல்லும்.

அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. எனினும் புகாரை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்; பரப்பியவரைத் திருப்பித் திட்டவும் வேண்டாம். அந்தப் புலனச் செய்திகளை மட்டும் அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரியும்படி படம்பிடித்து வைத்துக்கொண்டு, பதில் வராமல் பேச்சு தொடர்ந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.