ஓபன் பேப்பரில் வாங்கிய கார்

கேள்வி: கல்முனையில் ஒருவரிடம் பாவித்த கார் ஒன்றை வாங்கினேன். அவரும் அதைக் கொழும்பில் ஓபன் பேப்பரில்தான், அதாவது பெயர் மாற்றாமல் உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்துடன், வாங்கியிருந்தார்; பதிவுப் புத்தகம் இன்னும் முதல் உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது. அவர் இப்போது கனடாவில் வசிக்கிறார். வரி லைசன்ஸ் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு வருவதால் பெயர் மாற்றத்தை ஆறுதலாகச் செய்யலாமா? இலக்கத் தகட்டையும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஆறுதலாகச் செய்யும் விடயம் இதுவன்று. காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால் பிரதேச செயலகத்தில் பழைய உரிமையாளரின் பெயரிலேயே வருமான அனுமதிப்பத்திரம் (வரி லைசன்ஸ்) கிடைத்துவிடுவதால், எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது வரி செலுத்தியதற்கான அத்தாட்சியே தவிர, உரிமையை மாற்றாது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் அதனை அறிவித்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கையொப்பமிட்ட வெற்றுப் படிவம் உங்களிடம் இருப்பது பெரிய பாதுகாப்பல்ல. கையொப்பமிட்டவர் காலமானால் அவருடைய வாரிசுகளின் வாசலில் நீங்கள் நிற்க நேரிடும். கார் விபத்தில் முற்றாகச் சேதமடைந்தால், இழப்பீடு யாருக்குரியது என்ற கேள்வியைக் காப்புறுதி நிறுவனம் எழுப்பும். மறுபுறம், அந்தக் கார் யாரையேனும் மோதிவிட்டால் பொலிஸார் முதலில் தேடுவது புத்தகத்தில் பெயருள்ளவரையே. கனடாவில் இருப்பவரிடம் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்லுங்கள். கெஞ்சுவதைவிட இது விரைவாக வேலை செய்யும்.

அவர் இணங்கினால், அங்குள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரம்) ஒன்றை இங்குள்ள நம்பிக்கையான ஒருவருக்கு வழங்கலாம். ஆனால் அதற்கு முன், நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவேட்டு விபரத்தைப் பெற்று, முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கடன் தீர்ந்து விடுவிப்புக் கடிதம் கிடைக்கும் வரை பெயர் மாற்றம் நடக்காது. பொனட்டைத் திறந்து, செசி இலக்கத்தின் மேலுள்ள கிறீஸைத் துணியால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தையும் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள்; ஓர் இலக்கம் மட்டும் ஆழம் குறைந்தோ, சுற்றிலும் உராய்ந்தோ தெரிந்தால் மேற்கொண்டு ஒரு சதமும் செலவிடாமல் சட்டத்தரணி ஒருவரைச் சந்தியுங்கள். கல்முனைக்காரரிடம் பணம் கொடுத்ததற்கான எழுத்து மூலப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் அதையும் இப்போதே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் அவருடைய பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை.

இலக்கத் தகட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மாகாண எழுத்துகள் 2023 இல் கைவிடப்பட்டதால், மேல் மாகாணத் தகடு என்பதற்காக அதை மாற்ற வேண்டியதில்லை.