பிஸ்டலை ரிப்பேருக்கு அனுப்புவது: கருங்கல் ஊர்த் தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். மனைவியின் நர்ஸ் வேலை வழியாகக் கிரீன் கார்டில் டெக்சாஸ் வந்திருக்கிறீர்கள். வாங்கிய 9 எம்எம் பிஸ்டலில், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்காமல், முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான ஸ்லைடில் குத்திட்டு நின்றுவிடுகிறது. கம்பெனி இருப்பது வேறு மாநிலத்தில். ஊரில் போல அனுமதி வாங்க வேண்டுமா, தபாலில் போடலாமா, திரும்பி வரும்போது கடையில் மறுபடி பேப்பர் போட வேண்டுமா, கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போவதற்குள் வருமா என்று கேட்கிறீர்கள்.

ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு என்றே பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே ரிப்பேருக்கு அனுப்ப மத்திய சட்டப்படி அனுமதி எதுவும் தேவையில்லை. உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு, மாநிலம் தாண்டியும், உங்கள் துப்பாக்கியை நீங்களே அனுப்பலாம். சரி செய்ததை அவர்கள் நேராக உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். வாங்கும்போது கடையில் நிரப்பிய 4473 படிவத்தை மறுபடி நிரப்ப வேண்டாம். சரி செய்ய முடியாமல் அதே வகையில் புதிது கொடுத்தாலும் மத்திய சட்டம் இதே வழியை அனுமதிக்கிறது. ஆனால் சில கம்பெனிகள் புதியதை உள்ளூர் டீலர் வழியாகத்தான் தரும், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டம் தனிக் கதை. நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ், இலினாயில் ஃபாய்டு கார்டு (துப்பாக்கி வைத்திருப்பவருக்கான மாநில அட்டை) என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ரிப்பேருக்குப் போயிருக்கும்போது வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் கம்பெனிக்கு உடனே சொல்லுங்கள். பழைய அபார்ட்மெண்ட் கதவில் வந்து நிற்கக் கூடாத பெட்டி அது.

இதை வாசிக்கிற எச்-1பி வேலை விசா, எஃப்-1 படிப்பு விசா தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. மாநில வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, உங்கள் விசாவில் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியக் குற்றம். தண்டனை 15 வருடம் வரை, அதன் பிறகு நாடு கடத்தல். நண்பனுக்காக இந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் உதவிக்குக் கூடப் போகாதீர்கள்.

அனுப்புமுன் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். கூடு குத்திட்டு நிற்பதற்குக் காரணம் பல நேரம் பிஸ்டலில் இருப்பதில்லை. மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் பிடியும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடுக்கு முழு ஓட்டம் கிடைக்காது. வெடிமருந்து குறைவான மலிவுத் தோட்டாவும் அப்படித்தான். கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குக் கீழே கரி படிந்தால் பிடி நழுவும். கொக்கியைச் சுத்தம் செய்து, தோட்டா அடுக்கும் மேகசின்களில் 1, 2 என்று மார்க்கரால் எழுதி, இரண்டு எடையில் தோட்டா (குண்டின் எடை 115 கிரெயின், 124 கிரெயின்) போட்டு, வேறொருவர் கையிலும் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். எந்தத் தோட்டாவில், எந்த மேகசினில், எத்தனை சுட்டால் எத்தனை முறை சிக்குகிறது என்று எழுதிவையுங்கள். ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், அவர்கள் தங்கள் தோட்டாவில் சுட்டுப் பார்த்து ‘குறை ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் கம்பெனிக்குப் போன். சீரியல் எண்ணும் மாடலும் சொல்லி ஆர்எம்ஏ எண் (பொருளைத் திருப்பி அனுப்ப அவர்கள் தரும் அனுமதி எண்) வாங்குங்கள், கூடவே அவர்கள் செலவில் ஷிப்பிங் லேபிள் கேளுங்கள். சூட்சுமமே இந்த லேபிளில்தான் இருக்கிறது. யூபிஎஸ், ஃபெடெக்ஸ் கூரியர் இரண்டும் தனியாளிடமிருந்து துப்பாக்கிப் பார்சல் வாங்குவதில்லை. உரிமமும் தங்களோடு ஒப்பந்தமும் உள்ளவர்களின் கணக்கில்தான் எடுப்பார்கள். கம்பெனி லேபிள் என்றால் கணக்கு அவர்களுடையது. தபாலில் கைத்துப்பாக்கி போடத் தனியாளுக்கு 1927-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது, அந்த வழியை மறந்துவிடுங்கள். ரைஃபிள், ஷாட்கன் கதை வேறு. அவற்றை உரிமம் உள்ளவருக்குத் தபாலில் அனுப்பலாம். வாரண்டி முடிந்து லேபிள் கிடைக்காவிட்டால் உள்ளூர் டீலரிடம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூலி வாங்குவார், ஆனால் தலைவலி அவருடையதாகிவிடும்.

பெட்டி கட்டுவதற்கு முன் மேகசினைக் கழற்றுங்கள், அதன் பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் இழுத்த இழுப்பில் அடுத்த தோட்டா, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடமான சேம்பருக்குள் ஏறிவிடும், காலி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டா ஒன்றுகூட நீங்கள் பெட்டி கட்டும் அறையில் இருக்க வேண்டாம், பெட்டியில் அறவே கூடாது. மாட்டிய லைட், ஆப்டிக் (குறிபார்க்கும் கண்ணாடி), வெளியே வாங்கிப் போட்ட டிரிக்கர் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வையுங்கள். வெளிப் பாகம் இருந்தால் கழற்றி ஒரிஜினலைப் போட்டுவிடுவார்கள், வாரண்டிக்கும் மறுப்புச் சொல்லலாம். சிக்கலுக்குச் சந்தேகமான மேகசினை மட்டும் காலியாகச் சேர்த்து அனுப்புங்கள்.

எண்ணெயை நன்றாகத் துடைத்து பிளாஸ்டிக் பையில் போடுங்கள். முந்திரிக்கொத்து கட்டிய பொட்டலத்தில் எண்ணெய் ஊறித் தெரியும் பார்த்தீர்களா, அப்படி அட்டையில் கறை வந்தால் பார்சலை நிறுத்திவிடுவார்கள். பையைக் கெட்டி கேசில் வைத்து, கேசைச் சுற்றி நாலு பக்கமும் 5 செ.மீ. ஃபோம் கொடுத்து, எழுத்தில்லாத புது அட்டைப் பெட்டியில் இறக்குங்கள். தெர்மோகோலை உடைத்துப் போட வேண்டாம், மணி மணியாக உதிர்ந்து ஸ்லைடுக்குள் போகும். உள்ளே ஒரு தாளில் பெயர், முகவரி, போன், ஆர்எம்ஏ, சீரியல் எண், நீங்கள் எழுதிவைத்த கணக்கு. வெளியே துப்பாக்கி என்று ஒரு எழுத்தும் வேண்டாம். அப்படி எழுதும்படி கூரியர் கேட்கவும் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மூடுவதற்கு முன் சீரியல் எண் தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியது கூரியரின் சொந்த மையத்துக்கு. தெருமுனையில் அவர்கள் பெயர்ப்பலகையோடு நிற்கும் ஏஜென்சிக் கடைகளில் துப்பாக்கி எடுக்க மாட்டார்கள். வீதிப் பெட்டியிலும் போடாதீர்கள். லேபிளோடு வரும் குறிப்பில் எங்கே கொடுப்பது என்று இருக்கும், அதை மீற வேண்டாம். எடை போட்ட ரசீது கையில் வந்த பிறகே கிளம்புங்கள்.

கிறிஸ்துமஸ் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும். ரிப்பேருக்கு வாரக்கணக்கில் ஆகும். திரும்பி வரும் பெட்டிக்கு வயது வந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், ஆளில்லாவிட்டால் சில நாள் வைத்துவிட்டு அனுப்பியவருக்கே போய்விடும். ‘இந்தத் தேதிக்கு முன் அனுப்பாதீர்கள்’ என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள், அல்லது ஊர் போய் வந்தே அனுப்புங்கள். கைக்கு வந்ததும் சீரியல் எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டு, சேம்பரைத் திரும்பவும் பாருங்கள். ஃபேக்டரியில் சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

பிஸ்டலைத் தூக்கித் திரிந்த ரேஞ்ச் பையை ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். ஜிப்பின் மூலையில் ஒரு தோட்டா உருண்டு கிடந்து திருவனந்தபுரம் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, களியக்காவிளை தாண்டுவதற்குள் லீவு முடிந்துவிடும்.